நல்லா வெச்சிருக்கீங்க

சன்னலோரம் நீங்களே உக்காருங்க அக்கா. எனக்கு இந்த ஓரம்தான் வசதி, காலை வழியில நீட்டிக்கலாம். பாப்பாவை மட்டும் கொஞ்ச நேரம் உங்க மடியில சாய்ச்சுக்கிறீங்களா? தூங்கிட்டா ஒண்ணும் பண்ண மாட்டா. என் மடியில இப்ப இடமில்லை, பார்த்தாலே தெரியும். எட்டு மாசம். ஒருத்தர் முன்னாடியே இடம் பிடிச்சு உக்காந்துட்டார்.

இந்தக் கவரைக் கேக்குறீங்களா? ஒன்றிய ஆபீசுக்கு மனு கொடுக்கப் போயிட்டு வர்றேன். இதுல போட்டோ இருக்கு, எங்க ஊருக்கு அரசாங்கம் கொடுத்த பாராட்டுச் சான்றிதழோட ஜெராக்ஸ் இருக்கு, மகளிர் குழுத் தலைவின்னு என் கையெழுத்தும் முத்திரையும் இருக்கு. அங்க இருந்த கிளார்க் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்த போட்டோவைக் கொடுத்தா உங்க ஊருக்கு நிதி வரும்னு யார் சொன்னது?"ன்னு கேட்டார். யார் சொல்லணும்? எனக்கே தெரியாதா? பேனா பிடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு அந்த மனுஷனுக்கு விவரம் பத்தலை. ஒரு காப்பியை வாங்கிக்கிட்டு மீதியை என் கையிலேயே கொடுத்துட்டார்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? கடைசி ஸ்டாப்பிங்கா? அப்போ நான் உங்களுக்கு முன்னாடி இறங்கிடுவேன். வேப்பம்பள்ளி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க ஊர்ல ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கு. பேர்தான் நீளம். ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு பூட்டு, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ஆனா ஸ்டெல்லா நர்ஸம்மா ஸ்கூட்டியில வந்து பூட்டைத் திறப்பாங்க. அஞ்சு ஊருக்கு அவங்க ஒருத்தர்தான். பிள்ளைங்களுக்கு ஊசி போடுவாங்க, மாசமா இருக்கிறவங்களுக்குக் கையில பட்டை கட்டி பிரஷர் பார்ப்பாங்க, சத்து மாத்திரை கொடுப்பாங்க, பூட்டிட்டுப் போயிடுவாங்க. மீதி ஆறு நாளும் எங்க ஊர்ல யாருக்கும் உடம்புக்கு வராது. வரக்கூடாது. அப்படியே பழகிட்டோம்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு செய்தி வந்தது. மருத்துவ வசதி குறைவா இருக்கிற ஊரா பார்த்து அரசாங்கம் நிதி கொடுக்கப் போகுது. கட்டிடத்தைப் புதுசாக் கட்டி, பிரசவ அறை போட்டு, மருந்து வெச்சு, பகலும் ராத்திரியும் அங்கேயே தங்குற மாதிரி ஒரு நர்ஸையும் கொடுப்பாங்க. தங்குற நர்ஸ் அக்கா. கதவைத் தட்டினா திறக்கிற நர்ஸ். அது எவ்வளவு பெரிய விஷயம்னு பிள்ளை பெத்தவளுக்குத்தான் தெரியும்.

எங்க பக்கம் ரெண்டு ஊரைக் குறிச்சிருந்தாங்க. ஒண்ணு எங்க வேப்பம்பள்ளி. இன்னொண்ணு குறும்பட்டி, எங்களுக்கு அரை மணி நேரம் முன்னாடி வருமே, அந்த ஊர். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் நிதி. ஓர் அதிகாரி நேர்ல வந்து ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுவார்னு ஸ்டெல்லா நர்ஸம்மா சொன்னாங்க. சொல்லிட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சிவரஞ்சனி, நீதான் குழுத் தலைவி. ஒண்ணு சொல்றேன் கேளு. எதையும் மாத்தாத. இருக்கிறதை இருக்கிற மாதிரியே விடு"ன்னாங்க.

எனக்கு அப்பவே சிரிப்பு வந்தது. அவங்களுக்கு ஒட்டடை அடிக்கச் சோம்பல். வர்றவர் மேலதிகாரி, அவர் முன்னாடி மழை ஒழுகுற கூரையையும் துருப்பிடிச்ச பீரோவையும் காட்டினா யாருக்குக் கேவலம்? ஊருக்குத்தானே? அவங்க வேற ஊர், ஸ்கூட்டியை முறுக்கிக்கிட்டுப் போயிடுவாங்க.

ஒருத்தர் நம்ம இடத்தைப் பார்க்க வர்றார்னா எப்படி வெச்சுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்னிக்கு எங்கம்மா பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜை நாலு ஆம்பளைங்களை விட்டுத் தூக்கிட்டு வந்து கூடத்துல வெச்சா. எங்க வீட்டுல அதைச் சொருக பிளக்கே கிடையாது. ஒயரைச் சுருட்டிப் பின்னாடி மறைச்சுட்டா. மாப்பிள்ளையோட அம்மா குடிக்கத் தண்ணி கேட்டாங்க. எங்கம்மா பானைத் தண்ணியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தா. அவங்களும் ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லிக் குடிச்சாங்க. அன்னிக்கே நிச்சயமாச்சு. என்ன, ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டுல மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி போட மாட்டாங்களான்னு பின்னாடி கேட்டாங்க. எங்கப்பா மாந்தோப்பை ஒத்திக்கு வெச்சு வண்டி வாங்கிக் கொடுத்தார். தோப்பு இன்னும் திரும்பலை. அது வேற கதை. ஆனா கல்யாணம் நடந்துச்சா இல்லையா?

அதனால நான் இறங்கினேன். எங்க குழுவுல பன்னெண்டு பேர். மூணு நாள் ராகிக் களத்துப் பக்கம் ஒருத்தியும் போகலை. சுவருக்கு வெள்ளையடிச்சோம். ஈரம் ஊறி ஊறிக் கறுத்துப்போன சுவர் வெள்ளையை ஏத்துக்கவே இல்லை, அதுமேல காலண்டரா மாட்டினோம். ஒன்பது காலண்டர். கூரை ஒழுகுற இடத்துக்குக் கீழ, கல்யாண மேடைக்கு வைப்பாங்களே தெர்மாகோல், அதை வரிசையா ஒட்டிட்டோம். அந்த வருஷம் தை மாசம் கல்யாணமான பொண்ணோட சீர்க்கட்டிலை, பாலிதீன் கவர்கூடப் பிரிக்காதது, தூக்கிட்டு வந்து நோயாளிக்குன்னு போட்டோம். டீக்கடை ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து, தடுப்பூசி மருந்து வைக்கிறதுன்னு ஓரமா நிறுத்தினோம். மருந்து அலமாரிதான் காலியாக் கிடந்தது. வீடு வீடாப் போயி மீந்துபோன மாத்திரையை எல்லாம் சேகரிச்சு கண்ணாடி பாட்டில்ல கலர் கலரா ரொப்பினோம். மஞ்சள் தனி, வெள்ளை தனி, ரோஸ் தனி. பார்க்க அவ்வளவு அழகு. சன்னலுக்கு எங்க வீட்டுப் பூப்போட்ட திரையைக் கழட்டிக் கொண்டுவந்து மாட்டினேன். அந்தத் திரைதான் அந்த அறைக்கே களை.

மாரப்பன்னு ஒரு பெரியவர். அந்தக் கட்டிடத் தாழ்வாரத்துலதான் எப்பவும் உக்காந்திருப்பார், உக்காந்து இருமிக்கிட்டே இருப்பார். அவரை அங்க விட்டா நல்லாவா இருக்கும்? கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் ஆடு பாருங்கன்னு ஏரிப்பக்கம் அனுப்பிட்டோம். பாவம், சந்தோஷமாத்தான் போனார். இப்ப டவுன் ஆஸ்பத்திரியில இருக்கார். டி.பி.யாம். முன்னாடியே யாராவது டாக்டர் கண்ணுல பட்டிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதாம். யாருக்குத் தெரியும்?

அதிகாரி வந்தார். ஜீப்பு, பின்னாடி ஃபைல் தூக்கிக்கிட்டு ஓர் ஆள். நாங்க பன்னெண்டு பேரும் பட்டுப்புடவை கட்டி மல்லிப்பூ வெச்சு வாசல்ல நின்னோம். சந்தனம் குங்குமம் கொடுத்தோம். அவர் உள்ள வந்து சுத்திப் பார்த்தார். முகத்துல ஒரு ஆச்சரியம் அக்கா, நீங்க பார்த்திருக்கணும். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். டீக்கடையில விக்கிற கலர் சோடா பாட்டிலை எல்லாம் முன்னாடியே எடுத்துட்டோம், ஓர் ஆரஞ்சு சோடா மட்டும் அடித்தட்டுல தங்கிப்போச்சு. அதையும் பார்த்தார், மூடிட்டார். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா"ன்னார். ஒரு தடவை இல்லை, மூணு தடவை சொன்னார். "நல்லா வெச்சிருக்கீங்க."

ஸ்டெல்லா நர்ஸம்மா மூலையில கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. முகம் சுண்டிப்போச்சு. பின்னே, வாரத்துக்கு ஒருநாள் வர்ற அவங்களால முடியாததை நாங்க மூணே நாள்ல செஞ்சிட்டோமே.

அப்புறம் அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். "பிரசவத்துக்கெல்லாம் எப்படிம்மா? ஆஸ்பத்திரி தூரமாச்சே, கஷ்டம் ஏதும் இருக்கா?" அத்தனை பேரும் என்னைப் பார்த்தாளுங்க. தலைவி நான்தானே பேசணும்.

உங்க மடியில தூங்குறாளே, இவ பிறந்த கதையை உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க பொம்பளை. விடியக்காலம் வலி வந்தது. ஆம்புலன்ஸ் வேற ஏதோ ஊருக்குப் போயிருந்தது. எங்க வீட்டுக்காரர் ரோட்டுல நின்னு பால் வண்டியை மறிச்சார். பின்னாடி பால் கேனுக்கு நடுவுல சாக்கு விரிச்சுப் படுக்க வெச்சாங்க. எங்க மாமியார் ஒருத்தர்தான் கூட. தடுப்பணைப் பாலம் தாண்டலை, இவ வந்துட்டா. டிரைவர் பாவம் வயசுப்பையன், வண்டியை நிறுத்திட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான், துண்டால காதைப் பொத்திக்கிட்டு. கொடி அறுக்காமலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையை வயித்துமேல வெச்சுக்கிட்டுப் போனேன். எனக்கு ரத்தம் நிக்கலை. வழியெல்லாம் கேன் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிற சத்தம்தான் ஞாபகம் இருக்கு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. இப்பவும் பால் வண்டி ஹாரன் அடிச்சா இவளைப் பார்த்து, உன் பெரியப்பா வந்துட்டார்டின்னு கேலி பண்ணுவேன்.

ஆனா இதையெல்லாம் ஜீப்புல வந்த ஆம்பளைகிட்டயா சொல்றது? பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நின்னு, பால் கேனுக்கு நடுவுல பெத்தேன்னு சொல்லி ஊர்ப் பேரைக் கெடுக்கிறதா? "ஒரு கஷ்டமும் இல்லைங்க சார். சுகப்பிரசவம்"னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். மத்தவளுங்களும் ஆமா சார், ஆமா சார்னாளுங்க. அவரும் எழுதிக்கிட்டார்.

டீ குடிச்சிட்டு அப்படியே அந்த ஜீப்பு குறும்பட்டிக்குப் போச்சு. ஜீப்பு டிரைவர் எங்க ஊர்ல பெண்ணெடுத்தவர். அங்க நடந்ததை அவர்தான் வந்து சொன்னார். கேட்டா நீங்களே தலையில அடிச்சுக்குவீங்க.

அங்க கட்டிடத்தைக் கூட்டக்கூட இல்லையாம். தாழ்வாரத்துல ஆடு கட்டிக் கிடக்குது, புழுக்கை மிதிபடுது. உள்ள போனா ஒழுகுற இடத்துல ஒரு பிளாஸ்டிக் வாளி. ராத்திரி பெஞ்ச மழைத் தண்ணி, அதிகாரி நிக்கும்போதே சொட்டுச் சொட்டா விழுது. வாளியை எடுத்து ஓரமா வைக்கணும்னுகூட ஒருத்திக்குத் தோணலை. பொம்பளைங்க களையெடுத்த சேலையோட வந்து நிக்கிறாளுங்க. ஒருத்திக்குக் கால்ல சேறு.

அவளுங்களுக்கெல்லாம் முன்னாடி நின்னது யார்னு நினைக்கிறீங்க? பச்சையம்மா. எனக்கு அவளை நல்லாத் தெரியும். குறும்பட்டி பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. புத்தகப் பை வார் அறுந்துபோனா ஊக்கு குத்திக்கிட்டு வருவா, அதை மறைக்கக்கூட மாட்டா. சத்துணவு வராத நாள்ல, யாரெல்லாம் சாப்பாடு கொண்டுவரலைன்னு ஹெச்.எம். கேப்பார். இவதான் முதல்ல கையைத் தூக்குவா. நான் தூக்க மாட்டேன். குடல் ஒட்டிக்கிட்டாலும் தூக்க மாட்டேன். அவ ஹெச்.எம். வீட்டுல போய்த் தின்னுட்டு வந்து, எனக்கும் ஓர் இட்லியைக் காகிதத்துல சுத்திக் கொண்டுவந்து கொடுப்பா. வேண்டாம்னு சொல்லுவேன். அப்புறம் பாத்ரூமுக்குப் பின்னாடி நின்னு தின்பேன்.

அந்தப் பச்சையம்மா அதிகாரியைத் தாழ்வாரத்து மூலைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டினாளாம். "இங்கதான் சார் நான் பெத்தேன். வியாழக்கிழமை. நர்ஸம்மா வர்றது வெள்ளிக்கிழமை. பூட்டின கதவைத் தட்டித் தட்டி என் கைதான் வீங்குச்சு. பையன் அழவே இல்லை சார்"னு சொன்னாளாம். சொல்லிட்டு அழுதாளாம், முந்தானையில மூக்கைச் சிந்திக்கிட்டு, எல்லாரும் பார்க்க.

அவளுக்குப் பிள்ளை போனது நிஜம்தான் அக்கா. இல்லைன்னு சொல்லலை. நானும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல்ல கிடந்தா. அதுக்காக ஊர் பேர் தெரியாத ஓர் ஆள் முன்னாடியா? நம்ம வீட்டுக் கஷ்டத்தைக் கடைத்தெருவுல விரிச்சு வைக்கிறதுக்கும் ஓர் அளவு வேண்டாமா? நானா இருந்தா நாக்கைக் கடிச்சுக்குவேன்.

முடிவு என்ன ஆச்சுன்னு சொல்லணுமா? நிதி குறும்பட்டிக்கு.

எங்களுக்கு இதோ, இந்தச் சான்றிதழ். படிக்கிறேன் கேளுங்க. "வேப்பம்பள்ளி துணை சுகாதார நிலையம் தேவையான வசதிகளுடன் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டு வருவதைப் பாராட்டி." கண்ணாடி போட்டு அந்த அறையிலேயே மாட்டியிருக்கோம். பூட்டியிருக்கிறதால யாரும் பார்க்க முடியாது, ஆனா இருக்கு. கட்டிலை அந்தப் பொண்ணு திருப்பி வாங்கிட்டா, டீக்கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிட்டார். திரையை மட்டும் நான் எடுக்கலை.

அதுக்கப்புறம் ஸ்டெல்லா நர்ஸம்மா வர்றதும் குறைஞ்சுபோச்சு. இவ்வளவு நல்லா இருக்கிற ஊருக்கு வாராவாரம் எதுக்கு, வசதியில்லாத ஊரா பாருங்கன்னு மேலயிருந்து சொல்லிட்டாங்களாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமைன்னு ஆக்கினாங்க. அதுலயும் கடைசி மூணு தடவை ஏதோ முகாம்னு வரலை. போன்ல மட்டும், "குறும்பட்டியில புது நர்ஸ் வந்தாச்சு, தங்கியிருக்காங்க. நீ அங்க போயிக் காட்டிக்கோ"ன்னாங்க. நானா? அந்த வாளி வெச்ச ஊருக்கா? பச்சையம்மாவுக்கு அங்கேயே ஆயா வேலையும் கிடைச்சிருக்கு தெரியுமா? அவ வந்து எனக்குப் பாய் விரிப்பா, நான் போய்ப் படுக்கணுமாக்கும்.

அதான் இந்த மனு. இவ்வளவு அருமையா வெச்சிருக்கிற ஊரை விட்டுட்டு, ஆட்டுப்புழுக்கையைக் கூட்டத் தெரியாத ஊருக்கு எப்படிக் கொடுத்தீங்கன்னு கேட்டிருக்கேன். போட்டோவைப் பாருங்க. திரை எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாருங்க.

என்ன அக்கா, நான் போட்டோவைக் காட்டுறேன், நீங்க என் காலைப் பார்க்குறீங்க.

இது ஒண்ணுமில்லை. காலைத் தொங்கப் போட்டு உக்காந்தா வீங்கத்தான் செய்யும். ஆபீஸ்ல வேற மூணு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. செருப்பு எங்க வீட்டுக்காரரோடது, என்னோடது நுழையலை. கொலுசைப் போன வாரமே கழட்டிட்டேன், சதையில பதிஞ்சுபோச்சு. மோதிரம்தான் சோப்புப் போட்டும் வரலை. இருந்துட்டுப் போகட்டும்.

முகமா? முகம் பூசினாப்பலதான் இருக்கும், மாசமா இருக்கிறவளுக்கு. எங்க மாமியார்கூட, களை வந்திருக்குன்னு சொன்னாங்க.

உங்க தங்கச்சிக்கா? இப்படியே வீங்குச்சா? எத்தனையாவது மாசம்?

ம்.

நீங்க அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன்.

இல்லை, தலைவலியெல்லாம் இல்லை. நல்லாத்தான் இருக்கேன். ஸ்டெல்லா நர்ஸம்மாவும் பட்டையைக் கட்டிக்கிட்டு இதைத்தான் கேப்பாங்க, தலைவலி இருக்கா, கண்ணு மங்குதான்னு. கால் வீங்கினா தாமதம் பண்ணாம வந்துடணும்னும் சொல்லியிருக்காங்க. அவங்க பட்டை கட்டிப் பார்த்து எத்தனை நாளாச்சா? இருங்க, எண்ணிப் பார்க்கிறேன். ஆறு வாரம். ஆறு வாரத்துக்கு மேலயே இருக்கும்.

அப்படிப் பார்க்காதீங்க அக்கா.

சரி. இருக்கு. மூணு நாளா இருக்கு. நெத்தியில வெச்சு ஆணி இறக்கின மாதிரி. அதனாலதான் சன்னல் வேணாம்னேன், வெளிச்சம் பட்டா தாங்கலை. ஆபீஸ் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப கண்ணு முன்னாடி பொடிப்பொடியா மின்னுச்சு. வெயில்ல வந்ததுன்னு நினைச்சேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. எப்படி இருக்கேன்னு யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லியே வாய் பழகிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் காலையில கேட்டார். அவர்கிட்டயும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? இல்லை, நீங்க சும்மா சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க. உங்க தங்கச்சிக்குப் பிள்ளை தங்கிச்சா?

தங்கச்சியும் இல்லையா?

கண்டக்டர் என்ன சொல்றார்? குறும்பட்டியா? அதுக்குள்ள வந்துடுச்சா?

இங்கயா இறங்கச் சொல்றீங்க? என்ன அக்கா நீங்க. இவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க நீங்க? மனுவுல போட்ட மை இன்னும் காயலை. இந்தக் கவரைக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் கட்டிடத்துக்குள்ள எப்படிப் போவேன்? வேப்பம்பள்ளி போயி, எங்க வீட்டுக்காரர் வண்டியில டவுனுக்கே...

இருங்க. ஒரு நிமிஷம். மறுபடியும் மின்னுது.

கண்டக்டர் அண்ணே, ஸ்டாப்பிங்ல வேண்டாம், அந்தப் புதுக் கட்டிடத்துக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க. ஆமா, ஆஸ்பத்திரிக்குத்தான். எனக்குத்தான்.

பாப்பாவை எழுப்புங்க அக்கா. எழுந்திரிடி தங்கம். அந்தப் பையில பவுடர் டப்பா இருக்கும், சீப்பு இருக்கும், எடுங்க. இந்த முகத்தோடயா போறது, தலை வேற பரட்டையா... இல்லை. வேண்டாம், வெச்சிடுங்க. பவுடர் போட்டுக்கிட்டுப் போனா அங்க இருக்கிற நர்ஸும் நல்லா இருக்கேன்னு அனுப்பிடப் போறா. இப்படியே போறேன். அவளுங்க வாளியைக் காட்டின மாதிரி நானும் காலைக் காட்டுறேன்.

இந்தக் கவரை நீங்க பிடிங்க. வேப்பம்பள்ளி ஸ்டாப்பிங்ல எங்க வீட்டுக்காரர் வண்டியோட நிப்பார், மாதேஷ்னு கூப்பிட்டாத் திரும்புவார். விஷயத்தைச் சொல்லி உடனே வரச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, பயந்துடுவார். பக்கத்துல எங்க ஊர் ஆளுங்க யாராவது நின்னா மட்டும், குறும்பட்டியில பழைய சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிடுங்க. பொய் ஒண்ணும் இல்லை, அவ இங்கதானே இருக்கா.

கையைக் கொடுங்க. படி எங்க இருக்குன்னு தெரியலை. ம், இறங்கிட்டேன். பாப்பாவை இறக்கிவிடுங்க.

அந்த சன்னலைப் பார்த்தீங்களா அக்கா? அரசாங்கம் இவ்வளவு கொட்டிக் கொடுத்திருக்கு, ஒரு திரைத்துணி மாட்டத் தெரியலை. நான் சொன்னேனில்ல.

வாசல்ல ஒருத்தி நிக்கிறாளே, நீலப் புடவை, அது பச்சையம்மாவா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. நீங்க மேலயிருந்து பார்த்துச் சொல்லுங்க. என்னைப் பார்த்துட்டாளா? சிரிக்கிறாளா?

ஓடி வர்றாளா?

அவ எப்பவும் அப்படித்தான் அக்கா. யார் பார்க்கிறாங்க, என்ன நினைப்பாங்கன்னு ஒண்ணும் கிடையாது. செருப்புகூடப் போடாம ஓடி வருவா.